பவர் வைத்த நீச்சல் கண்ணாடி

அன்புள்ள தர்ஷன்,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் தயங்கித் தயங்கிக் கேட்டாய். "மா, கல்யாணத்தன்னிக்கு கீதா ஆன்டியும் மேடையில நிக்கட்டுமா? உங்களுக்கு ஓகேவா?" நான் உடனே சரி என்றேன். நீ நம்பவில்லை. "நெஜமாவா மா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க லா" என்று இன்னொரு தடவை கேட்டாய். அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நடுவில் எனக்குக் கோபம் வரும், நீயும் "சரி மா, சரி மா" என்று பேச்சை முடித்துவிடுவாய். எழுதினால் கடைசி வரி வரைக்கும் நீ இருந்தாக வேண்டும். மீராவும் இதைப் படிக்கட்டும். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள், வரப்போகும் மாமியார் எப்படிப்பட்டவள் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால் அவளுக்கு நல்லதுதான். கீதாவும் படிக்கட்டும். இதில் பாதி அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட கீதா மேல் எனக்குப் பொறாமை. 'பொறாமை இருந்தது' என்று எழுதத்தான் நினைத்தேன், கை ஓடவில்லை. இன்னும் இருக்கிறது. உன் அப்பாவை அவள் எடுத்துக்கொண்டாள் என்பதற்காக வந்ததில்லை. நாங்கள் பிரிந்து வெகுநாள் கழித்துத்தான் அவர் அவளைப் பார்த்ததே. அவரையும் அவருடைய குறட்டையையும் அவளே வைத்துக்கொள்ளட்டும். என் பொறாமை முழுக்க உன்னைப் பற்றியது. அது ஒரு நீச்சல் கண்ணாடியில் ஆரம்பித்தது. உனக்கு அந்தக் கண்ணாடி நினைவிருக்கும், நீலப் பட்டை வைத்தது. ஆனால் அதை வாங்கிய கதை உனக்குப் பாதிதான் தெரியும்.

உனக்கு அப்போது ஒன்பது வயது. நீயும் நானும் கிள்ளானில் இருந்தோம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் எனக்கு வேலை. நாள் முழுக்க கன்டெய்னர் லோரி டிரைவர்களோடு போனில் கத்தி, சாயங்காலம் குரல் கட்டிப்போய் வீட்டுக்கு வருவேன். சனிக்கிழமை காலையில் உன்னைக் கூட்டிக்கொண்டு கொமுட்டர் ரயிலில் கோலாலம்பூருக்கு, கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு வருவேன். டிக்கெட் கேட்டுக்கு அந்தப் பக்கம் உன் அப்பா நிற்பார். உன் பையை அவரிடம் நீட்டிவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடுவேன். அவர்கள் பக்கத்திலேயே பிரிக்பீல்ட்ஸில் ஒரு கொண்டோவில், அடுக்குமாடி வீட்டில் இருந்தார்கள். அங்கே நீச்சல் குளம் இருந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. ஞாயிறு சாயங்காலம் நீ திரும்பி வரும்போது உன் தலைமுடியில் குளோரின் வாசம் அடிக்கும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக உன் தலைக்கு ஷாம்பு போட்டு இரண்டு தடவை அலசுவேன். அழுக்கு என்று சொல்லிக்கொண்டேன். அந்த வீட்டு வாசம் என் தலையணையில் ஒட்டக் கூடாது என்பதுதான் உண்மை.

பள்ளிக்கூடம் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே நீ கண்ணாடி போட்டவன். கழற்றிவிட்டால் எதிரில் நிற்கும் ஆளின் முகம் உனக்கு வெறும் வட்டமாகத்தான் தெரியும். குளத்தில் இறங்கும்போது, விழுந்து உடைந்துவிடும் என்று உன் அப்பா கண்ணாடியை வாங்கி மேசையில் வைத்துவிடுவார். நீ குளத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்பாயாம். உன் அப்பா அதைப் பயம் என்று நினைத்தார். "உன் மகன் கம்பிய விட மாட்டேங்கிறான், உன்ன மாதிரியே" என்று ஒருநாள் என்னிடமே சொன்னார். நானும் அதைப் பயம் என்றுதான் நினைத்தேன். சொன்னால் சிரிக்காதே, எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம் கூட. அந்த வீட்டில் அவர்கள் கொடுக்கும் ஒன்று என் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை, அம்மாவைப் போல இருக்கிறான் என்று.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. தெரியாத நம்பர். "அக்கா, நான் கீதா பேசுறேன். தர்ஷன் நல்லா இருக்கான், அத முதல்ல சொல்லிடறேன்" என்றாள். அதுவரைக்கும் அவள் குரலை நான் கேட்டதில்லை. நல்லா இருக்கான் என்று சொல்லி ஆரம்பித்தாலே ஏதோ நடந்திருக்கிறது என்று எந்த அம்மாவுக்கும் தெரியும். சோபா கையில் உட்கார்ந்தேன். நீ கம்பியைப் பிடித்தபடியே ஓரமாக நகர்ந்து நகர்ந்து போயிருக்கிறாய். உன் அப்பா குடைக்கு அடியில் உட்கார்ந்து யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். ஆழமான பக்கம் ஆரம்பிக்கும் இடத்தில் கம்பி முடிந்துவிட்டது. நீ காலை ஊன்றப் பார்த்தாய், தரை இல்லை. அந்த நேரத்தில்தான் கீதா கையில் துண்டோடு லிஃப்டிலிருந்து வெளியே வந்திருக்கிறாள். வீட்டில் போட்டிருந்த பாத்திக் கைலியோடு, கைபேசி சட்டைப் பையில் இருக்க, அப்படியே குதித்திருக்கிறாள். நீ கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டாய், இருமினாய், அழுதாய், அவ்வளவுதான். அவளுடைய கைபேசி போய்விட்டது. என்னிடம் பேசியது உன் அப்பாவின் இன்னொரு போனில்.

"அக்கா, அவனுக்குப் பயம் இல்லக்கா" என்றாள். "ஆழம்னு சிவப்பு எழுத்துல இவ்ளோ பெரிய போர்டு வெச்சிருக்கே, பார்க்கலையா கண்ணான்னு கேட்டேன். 'எந்த போர்டு ஆன்டி?'ன்னு கேக்கறான். அவனுக்கு எதுவுமே தெரியலக்கா. கம்பிய விட்டா எங்க போறோம்னே அவனுக்குத் தெரியாது."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். "நன்றி கீதா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "இனிமே அவன் குளத்துல இறங்க வேணாம்." அவள் மெதுவாக, "பவர் வெச்ச நீச்சல் கண்ணாடி இருக்குக்கா. பிள்ளைங்க சைஸ்லயே கிடைக்கும். அவன் கண் பவர் எவ்வளவுன்னு சொன்னீங்கன்னா நான் பார்த்து வாங்கிடறேன்" என்றாள். அப்படி ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நானும் சின்ன வயதிலிருந்து கண்ணாடி போட்டவள். என் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று எனக்கு முன்னால் இன்னொருத்திக்குத் தெரிந்துவிட்டதே என்று வயிறு எரிந்தது. என் பிள்ளையைத் தண்ணீரிலிருந்து தூக்கியவள் மேலேயே எரிந்தது. "நானே வாங்கிக் குடுத்துக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் உன்னை மடியில் போட்டுக்கொண்டு, குளம் இனிமேல் வேண்டாம், சரியா என்று கேட்டேன். நீ எழுந்து உட்கார்ந்தாய். "எனக்குத் தண்ணின்னா பயமில்லம்மா. எனக்குத் தெரியல, அவ்ளோதான்" என்றாய். அழவும் இல்லை, அடம் பிடிக்கவும் இல்லை. அதனால்தான் என்னால் மறுக்க முடியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் வேலையிடத்திலிருந்து இறங்கி கிள்ளான் டவுனில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். சீனர் ஒருவர் நடத்தும் கடை, வயதானவர். பவர் வைத்த நீச்சல் கண்ணாடி வேண்டும் என்றதும் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். இரண்டு பக்கமும் ஒரே பவர் போட்டு, பெரியவர்கள் அளவில் செய்தது. உனக்கு வலது கண் பவர் ஐந்நூற்றுக்கு மேல், அதாவது மைனஸ் ஐந்துக்கு மேல், இடது கண் அதைவிட நன்றாகவே குறைவு. பரவாயில்லையா என்று கேட்டேன். அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "பூடாக் மானா?" என்றார். பிள்ளை எங்கே என்று கேட்டார். பிள்ளை பள்ளியில் என்றேன். பெட்டியை மூடிவிட்டார். மூக்கைப் பார்க்காமல், முகத்தில் வைத்துப் பார்க்காமல் பிள்ளைகளுக்கு இதை விற்க மாட்டேன், தண்ணீர் உள்ளே போகும், இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் போட்டால் தலை வலிக்கும் என்றார். சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா என்றார்.

சனிக்கிழமை நீ என்னுடையவன் இல்லையே. அதைச் சொல்ல நான்தான் கீதாவுக்குப் போன் செய்ய வேண்டியிருந்தது. "அப்போ நீங்களும் இங்க வந்துடுங்கக்கா, பிரிக்பீல்ட்ஸ்ல எனக்குத் தெரிஞ்ச கடை ஒண்ணு இருக்கு, எல்லாரும் சேர்ந்தே போகலாம்" என்றாள். எல்லாரும் சேர்ந்தேவாம்! அந்தச் சனிக்கிழமை நான் டிக்கெட் கேட்டைத் தாண்டி வெளியே வந்தேன். தலைக்கு மல்லிகை வைத்துக்கொண்டு, தீபாவளிக்கு எடுத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு. கீதாவோ பழைய டீசர்ட்டும் ஸ்லிப்பரும் போட்டு நின்றாள். என்னைவிட உயரம். தோளைக் குறுக்காமல் நிமிர்ந்து நின்றாள், நீந்துகிறவர்கள் நிற்பது போல. நீ இரண்டு பேருக்கும் நடுவில் நடந்தாய். பூக்கடைகளைத் தாண்டும்போது உன் கை யார் கைக்குப் போகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தேன். நீ இரண்டு கையையும் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டாய்.

கடையில் கண் பார்த்தது ஒரு தமிழ்ப் பெண், சின்ன வயது. முதலில் உன் கண்ணை மறுபடி பரிசோதித்தாள். பவர் ஏறியிருந்தது. வளரும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் ஏறும், யாரும் எதுவும் செய்ய முடியாது ஆன்டி என்று அவளே சொன்னாள். ஆனாலும் நான் சட்டென்று கீதா முகத்தைப் பார்த்தேன், அம்மா கவனிக்கவில்லையே என்று அவள் நினைக்கிறாளா என்று. அவள் வேறு பக்கம் திரும்பி ஃபிரேம்களைப் பார்ப்பது போல நின்றாள். எனக்குச் சங்கடம் வரக் கூடாது என்றுதான் திரும்பிக்கொண்டாள். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் பெண் இடது கண்ணாடியையும் வலது கண்ணாடியையும் தனித்தனியாக எடுத்து வைத்தாள். அவை ஐம்பது ஐம்பதாக ஏறும் பவரில் வரும், ஒவ்வொரு கண்ணுக்கும் பொருத்தமானதை எடுத்து, மூக்குக்கு மேல் வரும் இணைப்பில் பூட்டிக்கொள்ளலாம் என்று காட்டினாள். சரியான பவர் இல்லாவிட்டால் ஒரு படி குறைத்து எடுங்கள், கூட்டி எடுக்காதீர்கள் என்றாள். நான் முந்திக்கொண்டு ஒன்றை எடுத்தேன். பெரியது, முகத்தில் பாதியை மூடும், பாதுகாப்பாக இருக்கும் என்று தோன்றியது. "இது வேணாம்மா, ரெண்டு வருஷம் கழிச்சுக்கூடப் போடலாம்னுதானே எடுக்கறீங்க?" என்று நீ கேட்டாய். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நான் உன் பள்ளிச் சட்டையை ஒரு சைஸ் பெரிதாக எடுப்பவள், உனக்குத் தெரியாதா? அந்தப் பெண் பட்டையை மாட்டாமல் வெறும் கண்ணாடியை உன் கண்ணில் வைத்து லேசாக அழுத்திக் கையை எடுத்தாள். நான் எடுத்தது உடனே விழுந்தது. கீதா ஒன்றை எடுத்து நீட்டினாள், சின்னது, நீலப் பட்டை. அந்தப் பெண் அதையும் அழுத்திவிட்டுக் கையை எடுத்தாள். அது உன் முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. நீ தலையை ஆட்டினாய், அப்போதும் விழவில்லை. "பிடிச்சிக்கிச்சு ஆன்டி!" என்று கத்தினாய். எந்த ஆன்டியிடம் சொன்னாய், கீதாவிடமா, கடைப் பெண்ணிடமா? கடையில் இரண்டு ஆன்டி இருந்தார்கள். எதுவானாலும் அம்மா என்று நீ சொல்லவில்லை.

காசு நான்தான் கொடுப்பேன் என்று பர்ஸை எடுத்துக் கவுன்டரில் வைத்தேன். கீதா சண்டை போடவில்லை. "சரிக்கா" என்று தன் பர்ஸை உடனே உள்ளே வைத்துவிட்டாள். கொஞ்சம் சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

உனக்குப் பொறுமை இல்லை, உடனே குளத்துக்குப் போக வேண்டும் என்றாய். "அம்மாவும் வரணும்" என்றாய், அதை மட்டும் நான் மறக்கவில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தக் கொண்டோவுக்குள் கால் வைத்தேன். உன் அப்பா குடிக்க ஒரு மைலோவை என் கையில் கொடுத்துவிட்டு மேலே ஏறிப் போய்விட்டார். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கீதா முதலில் இறங்கி, உன் தோள் தண்ணீருக்கு மேல் இருக்கும் இடத்தில் நின்றாள். நீ கண்ணாடியை மாட்டினாய், பட்டையை அவள் சரி செய்தாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாய். நானும் கரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ பொங்கி மேலே வந்தாய். "ஆன்டி! உங்க கால் நகத்துல சிவப்பு கலர் போட்டிருக்கீங்க!" என்று ஊரே கேட்கக் கத்தினாய். மறுபடி உள்ளே போனாய். "கீழ கட்டம் கட்டமா இருக்கு! ஒரு கட்டம் உடஞ்சிருக்கு! யாரோ ரப்பர் பேண்ட் போட்டிருக்காங்க!" உள்ளே போவதும் வந்து சொல்வதுமாக இருந்தாய். இத்தனை நாள் வெறும் நீலமாக இருந்த தண்ணீருக்குள் உனக்கு ஒவ்வொரு பொருளாக முளைத்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். அழுகைக்கு நடுவிலும் என் மண்டையில் ஒன்றுதான் ஓடியது. என் பிள்ளை தண்ணீருக்குள் முதன்முதலாகத் தெளிவாகப் பார்த்தது அவளுடைய கால் நகத்தை.

திரும்பும் வழியில், ரயில் ஏறுவதற்கு முன்னால், ஒரு கடையில் சிவப்பு நகப்பூச்சு வாங்கினேன். வீட்டில் யாரும் இல்லை. பத்து விரலுக்கும் போட்டுக்கொண்டு, காலை நீட்டி மின்விசிறிக்குக் கீழே காயவைத்தேன். தண்ணீரில் இறங்கத் தெரியாதவள் கால் நகத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? அன்றைக்கே துடைத்துவிட்டேன்.

அடுத்த மாதங்களில் நீ மீன் மாதிரி ஆகிவிட்டாய். கீதா உன்னை ஒரு நீச்சல் வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டாள், நானும் சரி என்றேன். வாரம் முழுக்க நான் ஆக்கிப்போட்டு, வீட்டுப்பாடம் செய்ய வைத்து, காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வாரக்கடைசியில் அவள் உன்னோடு தண்ணீரில் இறங்குவாள். உன் பேச்சு முழுக்க அந்த வாரக்கடைசிதான். "ஆன்டி சொன்னாங்க முழங்கைய உசத்தணுமாம்", "ஆன்டி சொன்னாங்க மூச்ச வாயால எடுக்கணுமாம்". முருங்கைக்காய்க் குழம்பு எப்படி இருக்கு என்று கேட்டால், "ஆன்டி சொன்னாங்க நீந்தறதுக்கு முன்னாடி ரொம்பச் சாப்பிடக் கூடாதாம்" என்பாய். எனக்கு அந்தக் குழம்பை அப்படியே சிங்க்கில் ஊற்றத் தோன்றும்.

பிறகு அந்தப் போட்டி வந்தது. ஷா ஆலம் பக்கம் ஒரு பொதுக் குளத்தில், வகுப்புப் பிள்ளைகளுக்குள் நடந்தது. நான் வேண்டுமென்றே சீக்கிரம் போய், நீ நீந்தி முடிக்கும் பக்கத்தில் முதல் வரிசையில் இடம் பிடித்தேன். உன் அப்பாவும் கீதாவும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார்கள். கண்ணாடி வருவதற்கு முன்னால் உனக்குக் கரையில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. பொதுவாக எல்லாப் பக்கமும் கையை ஆட்டுவாயாம், பார்க்கிறவர்கள் தங்களுக்குத்தான் என்று நினைத்துக்கொள்வார்களாம். இப்போது உனக்கு எல்லாம் தெரியும். முதலில் யாருக்குக் கையாட்டுவான் என்று பார்க்கத்தான் நான் வந்திருந்தேன். நீ ஜெயிப்பதைப் பார்க்க இல்லை. இதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.

நீ நான்காவதாக வந்து சுவரைத் தொட்டாய். மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்து, அந்த நீலக் கண்ணாடியோடு நேராக என்னைப் பார்த்தாய். என் கை மேலே போய்விட்டது. நீ கையைத் தண்ணீரிலிருந்து தூக்கினாய். பாதி தூக்கியதும் உன் தலை எதிர்ப்பக்கம் திரும்பியது. அங்கே கீதாவின் கையும் மேலே இருந்தது. உன் கை அங்கேயே நின்றது. என்னைப் பார்த்தாய், அவளைப் பார்த்தாய். பிறகு கையைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டாய். மற்றப் பிள்ளைகள் எல்லாம் ஏணியில் ஏறிப் போனார்கள். நீ உள்ளேயே இருந்தாய். வெளியே வந்தபோது தலையைக் குனிந்துகொண்டு, யார் பக்கமும் பார்க்காமல், துண்டை இழுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டு நடந்தாய். ஒன்பது வயதுப் பிள்ளை எதற்கு அப்படி நடக்க வேண்டும்? தோற்றதற்கு நீ எப்போதும் கவலைப்பட்டதில்லை. நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கம் உட்கார்ந்து உன்னைக் கிழித்துக்கொண்டிருந்தோம். தெரியாமல் இருந்தவரை உனக்கு நிம்மதியாக இருந்தது. நல்ல கண்ணாடி வாங்கிக் கொடுத்து, எங்கள் முகத்தில் இருந்ததையும் உனக்குக் காட்டிவிட்டோம்.

உனக்கு இன்னொரு சுற்று இருந்தது, நாலு பிள்ளைகள் மாற்றி மாற்றி நீந்துவது. அதற்கு நேரம் இருந்தது. நான் என் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். குளத்தைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போக வேண்டும். தரை ஈரம், வழுக்குமோ என்று பயம். அதைவிட, அங்கே போய் என்ன பேசுவது என்று பயம். பாதி தூரத்தில் நின்று திரும்பிவிடலாமா என்று நினைத்தேன், உண்மையாகச் சொல்கிறேன். கீதா நான் வருவதைப் பார்த்துவிட்டாள். பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "உட்காருங்கக்கா" என்றாள். உன் அப்பா எல்லாருக்கும் தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று எழுந்து ஓடிவிட்டார், பயந்தாங்கொள்ளி அவர்தான். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். எங்கள் முழங்கைகள் இடித்துக்கொண்டன. "இனிமே நாம ஒரே பக்கம் உட்காரலாம்" என்றேன். அவள் கண் கலங்கியது. "நானே கேக்கணும்னு இருந்தேன்க்கா, நீங்க தப்பா எடுத்துக்குவீங்களோன்னு..." என்று இழுத்தாள்.

அடுத்த சுற்றில் நீ சுவரைத் தொட்டதும் நான் முன்பு இருந்த பக்கம் பார்த்தாய். நாற்காலி காலி. உன் வாய் திறந்தது. பதறிப்போய் இந்தப் பக்கம் திரும்பினாய். எங்களைப் பார்த்தாய், இரண்டு பேரையும் ஒன்றாக. இரண்டு கையையும் தூக்கி அப்படி ஆட்டினாய், கம்பியைப் பிடிக்கவில்லை, சுவரைப் பிடிக்கவில்லை, காலால் மட்டும் மிதந்துகொண்டு. குளமே உன்னைப் பார்த்தது. நாங்களும் பைத்தியம் மாதிரி ஆட்டினோம். அப்போதுகூட என் மனது திருந்தவில்லை. இதில் எந்தக் கை எனக்கு, அவன் கண் யார் மேல் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். கீதா என் காதருகே குனிந்து, "உங்களத்தான்க்கா பார்க்கறான்" என்றாள். பொய்யோ உண்மையோ எனக்குத் தெரியாது. அதை முதலில் சொல்ல அவளுக்கு மனசு வந்ததே என்று, அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

அன்றிலிருந்து உன் ஒவ்வொரு போட்டிக்கும், பரிசளிப்புக்கும், பல்கலைக்கழகப் பட்டமளிப்புக்கும் நாங்கள் ஒரே பக்கம் உட்கார்ந்தோம். நீ அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டாய். அப்படி எடுத்துக்கொள்ளத்தான் நாங்கள் உட்கார்ந்தோம். ஆனால் நாங்கள் தோழிகள் ஆகிவிட்டோம் என்று நீ நினைத்திருந்தால் அது தப்பு. தீபாவளிக்கு அவள் செய்து அனுப்பும் முறுக்கு என்னுடையதைவிட மொறுமொறுப்பு. ஒவ்வொரு வருடமும் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு டப்பாவை மூடி ஆபீஸுக்குக் கொடுத்துவிடுவேன். உனக்கு வேலை கிடைத்த செய்தியை எனக்கு முன்னால் அவளுக்குச் சொன்னாயா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாய், அதனால் கேட்கவில்லை.

இதையெல்லாம் உன் கல்யாணத்துக்கு முன்னால் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பொறாமை வந்தால் நீ கெட்டவன் என்று நினைத்துக்கொள்ளாதே. மீராவுக்கு அவள் அண்ணன் மேல் பாசம் அதிகம், அவள் சிநேகிதிகள் நிறையப் பேர். உனக்கு வரும். அது போகட்டும் என்று நீ காத்திருந்தால் கிழவனாகிவிடுவாய், எனக்கு இன்னும் போகவில்லை. வந்தால், எழுந்து நட. அவர்கள் இருக்கும் பக்கம் போய் உட்கார். உள்ளே எரிந்துகொண்டே உட்கார்ந்தாலும் பரவாயில்லை. உனக்குப் பிடித்தவர்கள் உன்னைப் பார்ப்பதற்கும் இன்னொருவரைப் பார்ப்பதற்கும் நடுவில் தலையைத் திருப்பித் திருப்பித் தவிக்கும்படி மட்டும் விடாதே. மேடையில் கீதா நிற்கட்டும். என் பக்கத்திலேயே நிற்கட்டும். நேற்றே அவளுக்குப் போன் செய்து என்ன கலர் சேலை என்று கேட்டுவிட்டேன். அவள் மெரூன் என்றாள். எனக்கும் மெரூன்தான் பிடித்திருந்தது. நான் பச்சை கட்டிக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. போன மாதம் நீ, நான், மீரா மூன்று பேரும் பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டோமே, ரசம் கொதிக்கக் கொதிக்க வந்தது. நீ குனிந்ததும் உன் கண்ணாடி முழுக்க ஆவி. வழக்கம்போல நான் கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்தேன். அதற்குள் மீரா கையை நீட்டி, உன்னைக் கேட்கக்கூட இல்லை, உன் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, தன் துப்பட்டா நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிவிட்டாள். நீ நிமிரவே இல்லை, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாய். உன் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினால் நீ அப்படியே அசையாமல் இருப்பது என்னிடம் மட்டும்தான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். வயிறு எரிந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த எரிச்சல்தான், ஆள் மட்டும் புதிது. கைக்குட்டையை மேசைக்கு அடியிலேயே மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "மீரா, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்கம்மா" என்றேன். அவள் எவ்வளவு சந்தோஷமாக என்னைப் பார்த்தாள் தெரியுமா?

அந்தத் துப்பட்டா நுனியில் ஜரிகை இருந்தது. கண்ணாடி கீறிவிடும், பருத்தித் துணியால்தான் துடைக்க வேண்டும். அதை நான் சொன்னால் மாமியார் பேச்சாகிவிடும். நீயே ஒருநாள் மெதுவாகச் சொல்லிவிடு.

உன் அம்மா